பழவேற்காட்டுக் கரையும் பர்மியப் பெண்டிரும்

கடல் கடந்த தமிழர் வரலாறு என்றவுடன் மரக்கலங்களும் வணிகக் குழுக்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கரைக்குச் சென்ற ஆடவர் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. அவர்கள் சென்று சேர்ந்த நாட்டில் வாழ்ந்த பெண்கள் யாவர், அவர்தம் வழக்காறுகள் எத்தகையன, பருவந்தோறும் வந்து பருவந்தோறும் பிரிந்த நம்மவரோடு அப்பெண்களுக்கு இருந்த தொடர்பு எவ்வாறு அமைந்தது என்னும் வினாக்களை எழுப்பியோர் சிலரே. பத்தாண்டு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்கு இப்பொருளை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டித் தடத்து மின்தொடர் வண்டியில் நாள்தோறும் எண்ணூரையும் பொன்னேரியையும் கடந்து செல்லும் நாம், நம்மையறியாமலேயே பர்மாவின் வரலாற்றினூடே பயணம் செய்துகொண்டிருக்கிறோம்.

முதற்கண் பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டிலிருந்து தொடங்குவோம். இன்று ஏரியும் மீன்பிடி படகுகளும் ஒல்லாந்தர் கல்லறைகளும் கொண்ட சிற்றூராகக் காட்சியளிக்கும் இவ்வூர், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசயநகரப் பேரரசின் கீழைக்கடல் துறைமுகங்களுள் தலையாயது. அக்காலத்தில் இப்பகுதி குறித்து எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசா, பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் இங்கே மிகுதியாக விற்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். பெகு என்பது இன்றைய மியான்மரின் பாகோ. அங்கிருந்து மாணிக்கம் வந்தது. இங்கிருந்து துணி சென்றது. இத்துணி எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால்தான் பெண்கள் நம் வரலாற்றுக்குள் வருவர்.

நம் கடலோர மணற்பாங்கில் விளையும் சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் சிவப்புச் சாயம் துவைக்கத் துவைக்க மெருகேறும் இயல்பினது. 1560களில் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்ட வெனிசு நகர வணிகர் சேசரே பெதரீச்சி, மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலிருந்து ஆண்டுக்கொரு பெருங்கப்பல் இச்சாயத்தில் தோய்ந்த நூலும் துணியும் ஏற்றிக்கொண்டு பெகுவுக்குச் சென்றதை எழுதிவைத்துள்ளார். அக்கப்பல் செப்டம்பர் முற்பகுதியில் புறப்பட்டாக வேண்டும். சில நாள் பிந்தினாலும் காற்று மாறிப் பயணம் வீணாகிவிடும் என்பது அவர் தரும் செய்தி. தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசி மூச்சில் வங்கக் கடலைக் கடப்பதும், வடகிழக்குக் காற்று ஓய்ந்து சீர்ப்படும் தை, மாசித் திங்களில் கரை திரும்புவதும் அக்காலக் கடலோடிகளின் வழக்கம். நெசவாளர், சாயக்காரர், கப்பற்காரர், கடன் கொடுத்தவர் என இத்தனை பேரின் வாழ்வும் அச்சில நாள் காற்றைச் சார்ந்திருந்தது. அக்கரையில் அத்துணியை உடுத்தியோரும் காற்றின் நாள்காட்டியையே நம்பியிருந்தனர்.

ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையை நிறுவிய பின்னர் இத்தொடர்பு இன்னும் இறுகியது. 1630களின் நடுவிலிருந்து 1680 வரை சிரியம், ஆவா ஆகிய பர்மிய நகரங்களில் அவர்கள் பண்டகசாலை நடத்தினர். சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக விளங்கிய பழவேற்காட்டின் மேற்பார்வையில் அவை இயங்கின. இங்கிருந்து சென்ற சரக்கில் முதன்மையானது துணியே.

இதற்கு முந்நூறு, நானூறு ஆண்டுகள் முன்பே நம்மவர் பர்மாவில் நிலைகொண்டிருந்தனர் என்பதற்குப் பகான் நகரில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சான்று. முகுந்தமாலைச் சுலோகத்துடன் தொடங்கித் தமிழில் தொடரும் அக்கல்வெட்டு, மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்து வணிகர் ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர்க் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததைக் கூறுகிறது. நானாதேசியர் என்னும் பெயரே பல நாட்டு வணிகர் கூடியிருந்தமையைக் காட்டும். ஆயின் அக்கோயிலில் விளக்கேற்றியவர், அவ்வணிகர்க்குச் சோறாக்கியவர், அவர்தம் பிள்ளைகளைப் பெற்றவர் குறித்துக் கல்வெட்டு வாய் திறப்பதில்லை. கொடையளிப்பவன் பெயரே கல்லில் ஏறும். அது கல்வெட்டின் இயல்பு. அதனையே முழு வரலாறாகக் கொள்ளும் பழக்கம்தான் நம்முடையது.

இவ்விடத்தில் இலக்கண நூலொன்றை நினைவுகூர வேண்டியுள்ளது. பொருள்வயிற் பிரிவைப் பேசும் தொல்காப்பிய அகத்திணையியல், கடல்வழிச் செல்லும் பிரிவு பெண்ணோடு நிகழ்வதில்லை என விதிக்கிறது. தலைவன் மரக்கலம் ஏறுவான். தலைவி கரையில் இருப்பாள். உரையாசிரியர்கள் இந்நூற்பாவைப் பலவாறு விளக்கியுள்ளனர். இருபதாம் நூற்றாண்டில் அது அரசியல் மேடைகளிலும் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்திற்குள் நான் புகவில்லை. ஏறத்தாழ இதே விதியின் மறுபாதி கடலின் மறுகரையில் அரச சட்டமாகவே நின்றது என்பதுதான் எனக்கு வியப்பளிக்கும் செய்தி.

1795இல் ஆங்கிலேயத் தூதராக ஆவா அரசவைக்குச் சென்ற மைக்கேல் சைம்சு, பர்மியப் பெண் எவளும் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி இல்லை என எழுதுகிறார். துறைமுகத்தைவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் சோதனையிடப்பட்டது. ஒளித்து அழைத்துச் சென்ற மாலுமி மீண்டும் பர்மியத் துறைமுகம் எதனுள்ளும் நுழைய இயலாது. நுழைந்தால் பொருள் பறிபோகும், சிறையும் வாய்க்கும். அந்நியனுக்குப் பிறந்த பெண் குழந்தையும் தாய்நாட்டிலேயே தங்கிவிட வேண்டும். ஆடவர் போகலாம், பெண்டிர் போனால் நாட்டின் மக்கட்பெருக்கம் குன்றும் என்பது அவ்வரசின் எண்ணம். ஆகவே இக்கரையில் மரபு பெண்ணைக் கப்பலேற விடவில்லை. அக்கரையில் சட்டம் பெண்ணைக் கப்பலேற விடவில்லை. இடைப்பட்ட கடலில் ஆடவர் மட்டுமே பருவந்தோறும் போய் வந்தனர். நம்மவர் பர்மாவில் மணந்த பெண்கள் ஏன் தமிழகம் வரவில்லை என்பதற்கு ஆடவரின் மனப்போக்கை மட்டும் காரணமாகக் கூறுவது முழு உண்மையாகாது. எனினும் அச்சட்டம் மறைந்து ஆங்கிலேயராட்சி வந்த பின்னும் அப்பெண்கள் வரவில்லை என்பதையும் மறத்தலாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியம் துறைமுகத்தைக் கண்ட அலெக்சாண்டர் ஆமில்டன் என்னும் கப்பல் தலைவர், பருவ வணிகர்கள் அங்கே செய்துகொண்ட தற்காலிக மணங்களை விரித்துரைக்கிறார். பெற்றோரின் ஒப்புதலுடன், ஊரறிய நடைபெறும் மணம் அது. கணவனின் சரக்கைச் சந்தையில் விற்றுக் கொடுப்பவளும் மனைவியே. அவன் நாடு திரும்பிய பின்னும் அவளுக்குரிய தொகை தவறாமல் வந்துகொண்டிருப்பின் குறித்த காலம்வரை அவள் காத்திருத்தல் வேண்டும். தொகை நின்றுபோனால் வேறு மணம் செய்துகொள்ளத் தடை இல்லை. மேலைநாட்டார் இதனை ஒழுக்கக்கேடு என எழுதினர். நம்மவருள்ளும் அவ்வாறு முகம் சுளிப்போர் உளர். என் கருத்து வேறு. மாதந்தோறும் தொகை, காத்திருப்புக்கு எல்லை, அதன்பின் விடுதலை என அவ்வழக்கம் பெண்ணுக்கு ஒரு கணக்கை வகுத்துத் தந்தது. இக்கரையில் கப்பல் ஏறிய கணவன் பத்தாண்டு வராவிடினும் தாலியோடு காத்திருந்த பெண்ணுக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லை.

இனிப் பர்மியப் பெண்டிரின் வழக்காறுகள் சிலவற்றை நோக்குவோம்.

அவர்தம் முகத்தில் பூசப்படும் வெளிர்மஞ்சள் நிறத் தனகா இன்று உலகறிந்தது. சந்தனக்கல் போன்ற வட்டக்கல்லில் நீர் தெளித்து மரக்கட்டையின் பட்டையை உரைத்து, அக்குழம்பைக் கன்னங்களில் வட்டமாகவோ இலை வடிவாகவோ பூசிக்கொள்வர். வெயிலைத் தடுக்கும், உடலுக்குக் குளிர்ச்சி தரும், மணமும் உண்டு. தனகா மரம் நமக்கு அயலானதன்று. நம் சிவன் கோயில்கள் சிலவற்றில் மகாவில்வம் எனப் போற்றப்படும் மரமே அது. நாம் அதன் இலையை இறைவனுக்கு இட்டோம். அவர்கள் அதன் பட்டையை முகத்துக்கு இட்டனர். தலை முழுகுவதற்கு அவர்கள் பயன்படுத்தும் கின்பூன் என்பது நம் சீயக்காயே. புத்தாண்டையொட்டி அதனைத் தயாவ் மரப்பட்டையுடன் ஊறவைத்துத் தலை முழுகுவது அவர்தம் பழைய வழக்கம்.

அப்புத்தாண்டு திஞ்சான் எனப்படும். சங்கிராந்தி என்னும் வடசொல்லின் வழிப்பிறந்த பெயர் அது. ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். ஒருவர்மேல் ஒருவர் நீர் ஊற்றி மகிழும் அவ்விழாவில் பெண்கள் சூடும் மலர் படௌக். கோடை மழையின் முதற்துளிகள் விழுந்தவுடன் ஒரே நாளில் பொன்னிறமாகப் பூத்து உதிர்ந்துவிடும் மரம் அது. நம் வட்டத்துக் கவிஞர்கள் இதனைக் கேட்டு மகிழ்வர்: படௌக் மரம் நம் குறிஞ்சித் திணை வேங்கையின் நெருங்கிய இனம். வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம் வந்தது என்றும், திருமணத்திற்குரிய நாள் நெருங்கிற்று என்றும் சங்கச் செய்யுட்கள் பேசுகின்றன. ஒரே குடும்பத்து மலர் இரு நாடுகளிலும் காலத்தைக் கணித்துச் சொல்லும் பணியைச் செய்தது என்பது இனிய ஒற்றுமை. தொடர்பு என்று கூறினால் மிகையாகிவிடும். ஒற்றுமை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

மழைக்காலம் அங்கே 'வா' எனப்படும் தவக்காலம். ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி முடியும் அம்மூன்று திங்களும் துறவியர் மடத்தைவிட்டுப் பயணம் மேற்கொள்ளார். மக்கள் மணம் செய்துகொள்ளார். ஆடியில் மணம் நிகழ்த்தாத நமக்கு இது புதிதன்று. ஆயின் அம்மழைக்காலம்தான் பெண்டிர்க்கு ஓய்வற்ற காலம். இராவதி ஆற்றுக் கழிமுகத்தில் நாற்று நடுவோர் பெரும்பாலும் பெண்களே. குழுவாய்க் கூடி, பாடியவாறே நடுவர். தவக்காலம் முடிந்து அடுத்த திங்களில் கார்த்திகைப் பௌர்ணமி வரும். நம் இல்லங்களில் அகல்விளக்கு ஏற்றப்படும் அதே முழுநிலவு நாளையொட்டிப் பர்மாவில் கன்னிப்பெண்கள் தறிகளின் முன் அமர்ந்து இரவெல்லாம் நெய்வர். விடியுமுன் துவராடையை முடித்துப் புத்தர் திருமேனிக்குச் சாத்த வேண்டும். பழையதாகிவிடாத ஆடை என்னும் பொருளில் அதனை 'மதோ திங்கான்' என்பர். நெசவுப் போட்டியாகவே இது நடைபெறும்.

பர்மியப் பெண் மணத்திற்குப் பின்னும் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. தந்தை பெயரோ கணவன் பெயரோ அவள் பெயரில் ஒட்டுவதில்லை; பிறந்த கிழமைக்குரிய எழுத்தில் அமைந்த பெயரே இறுதிவரை அவளுக்குரியது. இளையோளை 'மா' என்றும் மூத்தோளை 'டா' என்றும் முன்னொட்டிட்டு அழைப்பர். மணம் சமயச் சடங்கன்று. இருவரின் இசைவும் ஊரறிய இணைந்து வாழ்தலுமே அதற்குச் சான்று. மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் அவளுக்குப் பங்குண்டு. இசைந்து பிரிந்தால் பிரித்துக்கொள்வர். சந்தை அவள் கையில் இருந்தது. தெருவோரம் கடை விரித்துச் சுருட்டுப் பிடித்தவாறே கணக்குப் பார்க்கும் பர்மியப் பெண்ணைக் கண்டு வெள்ளையர் வியந்தனர். இரட்யார்ட் கிப்ளிங் 1890இல் எழுதிய புகழ்பெற்ற மாந்தலே பாடலின் தலைவியும் சுருட்டுப் பிடிப்பவளே. அச்சுருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு' தான்!

இவற்றை மட்டும் எடுத்துக்காட்டிப் பர்மியப் பெண் முழு உரிமை பெற்றவள் என எழுதிய நூல்கள் உண்டு. அது பாதி உண்மை. ஆடவனுக்குப் 'போன்' என்னும் பிறவி ஆற்றல் உண்டு, பெண்ணின் கீழாடையாகிய தமெய்ன் அவன் தலைக்கு மேலே தொங்கினால் அவ்வாற்றல் அழியும் என்னும் நம்பிக்கை அங்கே வேரூன்றியது. ஆகையால் பெண்ணின் உடையை ஆடவர் உடையோடு சேர்த்துத் துவைப்பதில்லை, உயரத்தில் உலர்த்துவதில்லை. மாந்தலே மகாமுனி புத்தர் திருமேனியில் பொன்தகடு ஒட்டும் உரிமை ஆடவர்க்கே. சிறுவன் துறவு மேற்கொள்ளும் பெருவிழாவின் ஓரத்தில் அவன் தமக்கைக்கோ தங்கைக்கோ காது குத்தப்படும். விழா அவனுடையது, காதணி மட்டும் இவளுடையது. சந்தையில் அவள் உரிமை பெற்றவள். கோயில் மேடையில் அல்லள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே வரலாற்று நோக்கு.

ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப் பர்மாவையும் 1885இல் எஞ்சிய பகுதியையும் கைப்பற்றிய பின், காடும் சதுப்புமாய் இருந்த இராவதிக் கழிமுகம் உலகின் நெற்களஞ்சியமாயிற்று. நீராவிக் கப்பல் வந்தது. பாய்மரத்துக்குக் காற்று தேவை. நீராவிக் கப்பலுக்குக் காற்று தேவையில்லை. எனினும் பருவப் பயணம் ஒழியவில்லை. காற்றின் இடத்தை நெல் பிடித்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னை, நாகப்பட்டினம், ஆந்திரக் கடற்கரைத் துறைகளிலிருந்து கூலியாட்கள் அறுவடைக்குப் புறப்படுவர். அறுவடை முடிந்ததும் இரங்கூன் அரிசி ஆலைகளில் மூட்டை சுமப்பர். ஆலைகளின் வேலை தணியும் பங்குனி, சித்திரையில் ஊர் திரும்புவர். 1920களின் இறுதியில் ஓராண்டில் இரங்கூன் துறையில் வந்திறங்கிய இந்தியர் மூன்று இலட்சத்திற்கும் மேல். ஏறத்தாழ அதே அளவினர் திரும்பவும் சென்றனர். இவர்களைத் திரட்டியவன் மேஸ்திரி. முன்பணம் கொடுத்து ஆளெடுப்பான், கூலியிலிருந்து கழித்துக்கொள்வான், கணக்கு அவன் வாயில்தான் இருக்கும். இக்கூட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு.

ஈண்டு ஓர் இலக்கியக் குறிப்பு. முல்லைத் தலைவன் கார் வருமுன் வருவேன் எனச் சொல்லிச் செல்வான். மேகம் கண்டதும் தலைவி வழிபார்ப்பாள். பர்மாவுக்குச் சென்றவன் மனைவிக்கோ இது தலைகீழாய் அமைந்தது. நம் கரையில் வடகிழக்கு மழை இறங்கும் காலத்தில்தான் அவன் புறப்பட்டான். மழை அவளுக்குப் பிரிவின் தொடக்கம். வெயில் ஏறுவதே வரவின் அறிகுறி. கார்காலத்தை மீளும் காலமாகவே பாடிப் பழகிய நம் மரபில் இந்தப் புதிய பிரிவுக்கு ஒரு திணை வகுக்கப்படவில்லை. எழுதாத திணை என்று இதனைக் கூறலாம்.

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பயணம் வேறு வகையினது. பெட்டியடிப் பையனாகவோ மேலாளாகவோ செல்வோர் மூன்றாண்டுக் கணக்குக்குச் சென்று திரும்புவர். வீட்டுப் பெண்டிர் உடன் செல்லும் வழக்கம் இல்லை. 1930ஆம் ஆண்டையொட்டிப் பர்மாவில் அவர்தம் கடைகள் 1,650 இருந்ததாக வங்கியியல் விசாரணைக் குழு கணக்கிட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்து கடன் திரும்பாமையால், 1930இல் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களின் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் உடைமை 1938இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலமிழந்த பர்மியக் குடியானவனின் சினம் எவர்மேல் பாயும் என்பதைக் கூற வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களை வியந்து பாடும் நம் கவிஞர்கள் அந்நிலத்தில் நாற்று நட்ட பெண்ணையும் ஒரு வரியில் நினைத்திருக்கலாம்.

அக்காலத்தில் கலப்பு மணம் அரசியல் ஆயிற்று. இந்திய ஆடவனை மணந்த பர்மியப் பெண், அவன் சார்ந்த சமயச் சட்டத்தின்படி மனைவியாகவே கருதப்படாத நிலை நேர்ந்தது. இந்துச் சட்டத்தின் சாதி வரையறைக்குள் அவள் பொருந்தவில்லை. அவன் இறந்தாலோ ஊர் திரும்பினாலோ சொத்தும் இல்லை, மனைவி என்னும் பெயரும் இல்லை. தன் நாட்டு வழக்கத்தில் பாதிச் சொத்துக்கு உரியவளாயிருந்தவள் இம்மணத்தால் வைப்பாட்டி என்னும் பெயரைப் பெற்றாள். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1938இல் இந்திய முசுலிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. 1939இல் பௌத்தப் பெண்களின் மணத்துக்கும் வாரிசுரிமைக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அவளுக்கு நேர்ந்த அநீதி உண்மையானது. ஆயின் அவ்வநீதி அவளுக்காகப் பேசப்பட்டதைவிட அந்நியருக்கெதிராகப் பேசப்பட்டதே மிகுதி. 2015இல் மியான்மரில் இயற்றப்பட்ட பௌத்தப் பெண்கள் மணச் சட்டமும் அதே தடத்தில் வந்ததே. பெண்ணைக் காப்பதாகச் சொல்லி அவள் யாரை மணக்கலாம் என்று ஆராயும் சட்டம், சைம்சு கண்ட கப்பற் சோதனையின் மறுபிறப்பு எனலாம்.

1941 டிசம்பர் 23ஆம் நாள் சப்பானியக் குண்டுகள் இரங்கூன்மேல் விழுந்தன. பருவம் பார்த்துச் சென்ற பயணம் பருவம் பாராத ஓட்டமாயிற்று. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தும் கப்பலேறியும் தாயகம் நோக்கி வந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். இரங்கூனில் பத்தாண்டு வாழ்ந்து 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் மனைவி மங்களம் அம்மையாருடன் நடந்து வந்தார். அவருடைய 'பர்மா வழிநடைப் பயணம்' தமிழுக்குக் கிடைத்த அரிய ஆவணம். பர்மாவில் இளமையைக் கழித்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1982இல் வெளியிட்ட 'மா-னீ' நாவல் ஒரு பெண்ணின் கண்வழியே அந்நாட்டைக் காட்டுவது. இவ்விரு நூல்களும் நம் பாடத்திட்டங்களில் இடம்பெறத் தக்கவை.

இறுதிப் பெயர்ச்சி 1964இல் நிகழ்ந்தது. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின், வணிக நிறுவனங்களை நாட்டுடைமையாக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. கடை இழந்தோர், சேமிப்பு இழந்தோர் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைக்கு வந்தனர். தமிழக அரசின் கணக்குப்படி பர்மாவிலிருந்து வந்தோர் ஏறத்தாழ 1,44,000 பேர். புறப்படும் துறையில் பெண்களின் நகைகள் கழற்றி வாங்கப்பட்டதையும் தாலிப்பொன்னும் அச்சோதனைக்குத் தப்பாததையும் அவர்கள் இன்றும் கூறுவர். கணவனோடு கப்பலேறிய பர்மியப் பெண்கள் சிலர். பிறந்த மண்ணைவிட்டு வரவியலாது நின்றுவிட்டோர் பலர். பிள்ளைகளுள் சிலர் தந்தையோடு, சிலர் தாயோடு எனக் குடும்பங்கள் இரண்டாயின.

வந்தோருள் ஒரு பகுதியினர் எண்ணூர், வியாசர்பாடி, செங்குன்றம் பகுதிகளில் குடியமர்ந்தனர். அன்று எண்ணூரில் உப்பங்கழியும் மணலுமே மிகுதி. இரங்கூனுக்கு அருகிலுள்ள பீலிக்கான் என்னும் ஊரின் கோயிலை நினைவிற் கொண்டு அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் இங்கே கோயிலெழுப்பினர். தமிழ்த் தெய்வம் பர்மாவுக்குப் போய், பர்மிய ஊரின் பெயரைத் தாங்கித் தமிழகம் மீண்டது. 1969இல் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்துப் பர்மா பசார் தோன்றியது. கையால் பிசைந்து தரும் அத்தோ, வாழைத்தண்டு சேர்ந்த மொய்ங்கா, மொறுமொறுப்பான பேஜோ ஆகியன வடசென்னையின் உணவாயின. தெருவில் அவற்றை விற்போர் பெரும்பாலும் ஆடவரே. சமையற் பக்குவம் கொண்டுவந்தோர் பெண்கள்.

இக்குடியிருப்புகளில் மூதாட்டியர் சிலரோடு உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மாலையில் முகத்தில் தனகா பூசி வாசலில் அமரும் ஒருவர், சித்திரை முதல்நாள் பேரப்பிள்ளைகள்மேல் ஒரு சொம்பு நீர் தெளிப்பது தம் வழக்கம் என்றார். 'இது எந்த ஊர் வழக்கம் ஆயா?' எனப் பேத்தி கேட்டாளாம். 'தண்ணிக்கு ஏதடி ஊரு' என்றாராம். தமெய்னைக் கொடியில் தாழ்வாக உலர்த்தும் பழக்கம் அவ்வீட்டில் இன்னும் இருக்கிறது. காரணம் கேட்டால் 'ஆம்பிள்ளை தலைக்கு ஆகாது' என்று மட்டும் சொல்கிறார். போன் என்னும் சொல் அவருக்கு மறந்துவிட்டது, அச்சம் மறக்கவில்லை. சில பெண்கள் பர்மிய மொழியை வீட்டில் பேசுவதை மருமகள்களுக்காக நிறுத்திக்கொண்டனர். 'பர்மாக்காரி' என்னும் சொல் இங்கே வசையாகவும் வழங்கியது என்பதை அவர்கள் தயக்கத்துடனேயே கூறினர். பள்ளிச் சான்றிதழில் தமிழ்ப்பெயரும் அடுக்களையில் பர்மியப் பெயருமாக இரு பெயர் கொண்டோரும் அவருள் உண்டு.

எதிர்மாறாக, 1960களில் நடந்தே மீண்டும் பர்மாவுக்குத் திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர் மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்டனர். அங்கும் அங்காள பரமேசுவரிக்குக் கோயில் உண்டு. பல்லாண்டுகள் எல்லை கடந்து தமு சந்தைக்குச் சென்று வந்த அவர்தம் வாழ்க்கை, 2020இல் நோய்த்தொற்றால் எல்லை மூடப்பட்டதாலும் 2021 பிப்ரவரி 1ஆம் நாள் மியான்மரில் நேர்ந்த இராணுவப் புரட்சியாலும் 2023இல் மணிப்பூரில் மூண்ட வன்முறையாலும் மும்முறை அடிபட்டது.

பருவப் பயணமோ இப்போது நம் வாசலுக்கே வந்துள்ளது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளுக்கு ஆண்டுதோறும் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அங்கே அறுவடை முடிந்தபின் புறப்பட்டுத் தை முதல் ஆனி வரை இங்கே கல்லறுத்துவிட்டு மழைக்கு முன் திரும்புவர். முன்பணம் கொடுத்து அழைத்து வருபவர் இன்றும் உண்டு. அவர் பெயர் அவர்கள் மொழியில் சர்தார். இரங்கூன் மேஸ்திரியின் கணக்கு நோட்டுக்கும் இவருடையதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரே வேறுபாடு, இப்பயணத்தில் பெண்கள் கரையில் நிற்கவில்லை. கணவன் மண் மிதிக்க, மனைவி கல் அறுக்க, பிள்ளை கல்லைத் திருப்பிப் போடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் வடபுலத்து மொழிகள் ஒலிக்கின்றன. அம்மொழிகளில் அப்பெண்கள் நம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதை இப்போது எழுதிவைக்க ஆளில்லை. இரங்கூனில் நம்மவரைப் பற்றிப் பர்மியப் பெண்டிர் பேசியதை அக்காலத்தில் நாம் எழுதிவைக்கவில்லை.

2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரங்கூன் தெருக்களில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இராணுவத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பெண்கள், தம் தமெய்ன்களைத் தெருவுக்குக் குறுக்கே உயரக் கயிறு கட்டித் தொங்கவிட்டனர். அதன் கீழே நடந்தால் போன் அழியும் என்று அஞ்சிய படைவீரர்கள் நின்றனர். கயிறுகளை அறுத்த பின்னரே முன்னேறினர். பெண்ணைத் தாழ்த்தக் கற்பித்த நம்பிக்கையையே பெண்கள் அரணாக்கிக்கொண்டனர். எண்ணூர் மூதாட்டியிடம் இச்செய்தியைக் கூறியபோது அவர் நெடுநேரம் சிரித்தார். பின்னர், அந்தக் கயிற்றில் தொங்கிய துணிகள் என்ன நிறம் என்று கேட்டார். பல நிறம் என்றேன். தம் தாய் உடுத்தியது சிவப்பு என்றார்.